இல்லாத பந்தயத்தின் ஓட்டக்காரி

மாரத்தான் ஓடுகிற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கதை தவறாமல் வரும். நார்வேயைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை. வயது 25. கணவரோடு நியூயார்க்கைப் பார்த்துவிட்டு வந்த மாதிரியும் இருக்கும் என்று 1978 அக்டோபரில் விமானம் ஏறுகிறார். அதுவரை பயிற்சியில் சுமார் 20 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியதே இல்லை. பந்தயத்துக்கு முதல் நாள் இரவு இறால், மாட்டிறைச்சி, கடைசியில் ஐஸ்கிரீம் என்று வயிறாரச் சாப்பிடுகிறார். மறுநாள் 42.195 கிலோமீட்டர் ஓடி, பெண்களில் முதலாவதாக வருகிறார். நேரம் 2 மணி 32 நிமிடம் 30 வினாடி. உலகில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. முந்தைய சிறந்த நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் குறைவு.

கிரேட்டே வைட்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது இந்தக் கதையாகத்தான். கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொல்கிற விதம் எனக்கு ஒட்டவில்லை. 'ஒன்றும் தெரியாமல் போனார், ஜெயித்துவிட்டு வந்தார்' என்று ஒரு அதிர்ஷ்டக் கதையாக அது முடிந்துவிடுகிறது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. யாரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கேயே கிடக்கிறது. மாரத்தானுக்கென்றே பிறந்த மாதிரி இருந்த ஒரு பெண், 25 வயது வரை ஏன் ஒரு மாரத்தான்கூட ஓடவில்லை?

அதற்கான பதில் அவருடைய கால்களில் இல்லை. விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

கடைசிக் கோட்டில் நின்ற முள்

கிரேட்டே ஆண்டர்சன் 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்லோவில் பிறந்தார். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு கடைக்குட்டி. பதின்ம வயதிலேயே விடார் என்ற விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து ஓடத் தொடங்கினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓடினார்; தகுதிச் சுற்றோடு வெளியேறினார். 1974இல் ரோமில் நடந்த ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியில் அதே தூரத்தில் வெண்கலம். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் மறுபடியும் 1,500 மீட்டர். இம்முறை அரையிறுதியோடு சரி.

இதை மட்டும் படித்தால் என்ன தோன்றும்? திறமையான ஓட்டக்காரர், ஆனால் உலகத் தரத்துக்கு ஒரு படி கீழே. அப்படித்தானே?

இதே காலத்தில் அவருடைய இன்னொரு கணக்கைப் பாருங்கள். 1975இல் 3,000 மீட்டரில் 8 நிமிடம் 46.6 வினாடியில் உலகச் சாதனை. 1976இல் அதையும் 8:45.4 ஆகக் குறைத்தார். தூரம் இரண்டு மடங்கானதும் அரையிறுதியோடு வெளியேறுகிறவர் உலகிலேயே முதலாவது ஆகிவிடுகிறார். ஆனால் அந்த 3,000 மீட்டர் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை. மியூனிக்கிலும் மாண்ட்ரியாலிலும் பெண்களுக்கு இருந்த ஆக நீண்ட ஓட்டமே 1,500 மீட்டர்தான். அதுவும் 1972இல்தான் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது.

நான் ஒரு பொறியியலாளன். வேலையில் அழுத்தமானிகளோடு அடிக்கடி மல்லுக்கட்டுகிறவன். 10 பார் வரை மட்டும் காட்டக்கூடிய மானியில் முள் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றால், குழாயில் அழுத்தம் 10 பார் என்று எந்தப் பொறியியலாளனும் அறிக்கை எழுத மாட்டான். மானி அவ்வளவுதான் காட்டும், குழாயில் இருப்பது அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வான். கிரேட்டேயின் முதல் ஆறு ஆண்டு கணக்கை நான் அப்படித்தான் படிக்கிறேன். அது அவருடைய எல்லை இல்லை. அவரை அளந்த கருவியின் எல்லை.

ஒன்பது பேர் ஓடிய பந்தயம்

இந்தக் கருவி ஏன் இவ்வளவு குட்டையாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குத் திடல்தடப் போட்டிகள் முதன்முதலாக நடந்தன. அதில் ஆக நீண்ட ஓட்டம் 800 மீட்டர். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலகச் சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமிக்கு வெள்ளி. இதுவரை மகிழ்ச்சியான செய்திதான்.

ஆனால் பத்திரிகைகள் வேறு மாதிரி எழுதின. பெண்கள் கொத்துக் கொத்தாக மயங்கி விழுந்தார்கள், பாதியிலேயே சிலர் நின்றுவிட்டார்கள், பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்றெல்லாம் செய்தி வந்தது. ஒரு செய்தியில் பதினோரு பேர் ஓடியதாகக்கூட இருந்தது. இறுதி ஓட்டத்தில் ஓடியவர்களே ஒன்பது பேர்தான். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்து ஓடியவர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் புல்லில் சாய்வது ஆண்கள் பந்தயத்திலும் அன்றாடக் காட்சி. அதைப் பார்த்து யாரும் ஆண்களுக்கு ஓட்டத்தைத் தடை செய்யவில்லை.

பெண்களுக்குச் செய்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களின் 800 மீட்டர் நீக்கப்பட்டது. அது திரும்பி வர 1960 ரோம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 32 ஆண்டுகள். நடுவில் ஒரு தலைமுறை பிறந்து, ஓட வேண்டிய வயதைத் தாண்டியும் போய்விட்டது. அவர்களில் எத்தனை கிரேட்டேக்கள் இருந்தார்களோ, எந்தக் கணக்கிலும் வராது. ஓடாத ஓட்டத்துக்கு நேரம் கிடையாது.

நெடுந்தூரம் ஓடினால் கருப்பை இறங்கிவிடும், பிள்ளை பெற முடியாது, உடம்பு ஆணுடம்பாகிவிடும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் படித்தவர்களும் நம்பிய விஷயங்கள். யாரும் ஓட விட்டுப் பார்த்துச் சொன்னதில்லை. ஓட விடாமல் வைத்துக்கொண்டு, ஓட முடியாது என்றார்கள்.

பாதையில் உட்கார்ந்த ஆறு பேர்

சிலர் கேட்காமலே ஓடினார்கள். 1966இல் பாப்பி கிப் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார்; பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று பதில் வந்தது. பந்தய நாளன்று தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து, கூட்டம் கிளம்பியதும் உள்ளே புகுந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிந்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். போட்டி அதிகாரி ஒருவர் பாதையில் ஓடி வந்து அந்த எண் அட்டையைப் பிய்க்கப் பார்த்த படம் உலகம் முழுக்கப் பரவியது.

அதைவிட எனக்குப் பிடித்த படம் 1972 நியூயார்க் மாரத்தானில் எடுத்தது. அந்த ஆண்டு பெண்களை ஓட அனுமதித்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் தனியாகக் கிளம்ப வேண்டும். பெயருக்குத் தனிப் பந்தயம். துப்பாக்கி சுட்டதும் ஆறு பெண்கள் ஓடவில்லை. தொடக்கக் கோட்டிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கையில் எதிர்ப்பு வாசகங்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி சுட்டதும் எழுந்து அவர்களோடு ஓடினார்கள். அமைப்பாளர்கள் அந்தப் பத்து நிமிடத்தையும் அவர்கள் நேரத்தோடு கூட்டியே பதிவு செய்தார்கள். பெண்களில் முதலில் வந்த நினா குஸ்சிக்கின் நேரத்திலும் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் சேர்ந்திருந்தது. பிறகு அந்த விதி போய்விட்டது.

ஆறு ஆண்டு கழித்துக் கிரேட்டே வைட்ஸ் ஓடியது அதே நியூயார்க் மாரத்தானில்தான். அவர் எதிர்ப்பாளர் இல்லை. கூச்ச சுபாவம். பேட்டி என்றால் ஒதுங்குகிற ஆள். கோஷம் போட்டவரில்லை, மனு எழுதியவரும் இல்லை. ஆனால் அவர் எந்தச் சச்சரவும் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நடுவே நின்று கிளம்ப முடிந்தது என்றால், அந்த இடத்தை முன்பே சிலர் உட்கார்ந்து பிடித்து வைத்திருந்தார்கள்.

எண் 1173

1978இல் கிரேட்டேயின் நிலை இது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் நடந்த உலகக் குறுக்கோட்டப் போட்டியில் சுமார் அரை நிமிட வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத பந்தயத்தில் அரை நிமிடம் என்பது அசாத்தியமான இடைவெளி. ஆனால் ஆகஸ்ட் இறுதியில் பிராக் நகரில் ஐரோப்பியப் போட்டி தொடங்கியபோது பழைய கதை திரும்பியது. 3,000 மீட்டரில் கடைசி நேர வேகத்தில் இருவர் முந்திவிட, கிடைத்தது வெண்கலம். பகலில் பள்ளிக்கூட வேலை. விடிவதற்கு முன் ஆஸ்லோவின் இருட்டிலும் பனியிலும் ஒரு பயிற்சி, வேலை முடிந்து மறுபடி ஒன்று. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று ஓட்டத்தை விடுகிற யோசனையில் இருந்தார்.

நியூயார்க்குக்குப் போகலாம் என்பது கணவர் ஜாக்கின் யோசனை. நியூயார்க் மாரத்தானை நடத்திய பிரெட் லெபோ ருமேனியாவில் பிறந்து நியூயார்க்கில் ஆடைத் தொழில் செய்தவர். கிரேட்டேயின் 3,000 மீட்டர் சாதனை அவருக்குத் தெரியும். 3,000 மீட்டர்க்காரி மாரத்தானை முடிப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தொடக்கத்தில் வேகமாக ஓடி மற்ற பெண்களை இழுத்துக்கொண்டு போவார், பிறகு விலகிவிடுவார் என்பது அவர் கணக்கு. இப்படி வேகம் காட்டுவதற்கென்று ஓடுபவரை ஓட்டக்காரர்கள் முயல் என்பார்கள். ஒரு முயலுக்கும் அவர் கணவருக்கும் விமானச்சீட்டு கிடைத்தது.

கடைசி நேரத்தில் பதிந்ததால் பந்தய ஏட்டில் அவர் பெயர் இல்லை. நெஞ்சில் 1173 என்ற எண் மட்டும். பொன்னிறச் சடை ஆட, 1173 மற்ற பெண்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்க, யார் இவர் என்று அறிவிப்பாளர்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கோ வேறு தொல்லை. பாதையில் தூரம் மைலில் எழுதியிருந்தது. அவருக்குப் பழக்கம் கிலோமீட்டர். எவ்வளவு ஓடியிருக்கிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்றே பிடிபடவில்லை. பந்தயம் சென்ட்ரல் பூங்காவில் முடியும் என்பது மட்டும் தெரியும். மரங்கள் கண்ணில் பட்டபோதெல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தார். வரவில்லை. தொடை பிடித்துக்கொண்டது, தாகம் வாட்டியது. இதில் தன்னை மாட்டிவிட்ட கணவர் மேல் கோபம் கோபமாக வந்தது. முடித்ததும் காலணியைக் கழற்றி ஜாக் மேல் எறிந்து, இனிமேல் இந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்யவே மாட்டேன் என்று கத்தினாராம்.

இப்போது அந்த அதிர்ஷ்டக் கதைக்கு வருவோம். வாரத்தில் நூறு கிலோமீட்டரைத் தாண்டும் பயிற்சி. ஆண்டுக்கணக்காக விடியற்காலை ஓட்டம். 3,000 மீட்டர் உலகச் சாதனை. உலகக் குறுக்கோட்டப் பட்டம். இத்தனையும் கையில் இருந்தவர் ஜெயித்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயிக்கக்கூடிய ஒரு தூரத்தில் அவர் நிற்பதற்கு ஒரு விடுமுறை ஆசையும் முயல் வேலையும் தேவைப்பட்டதே, தற்செயல் என்றால் அதுதான். முறையான வழி எதுவும் அவரை அங்கே கொண்டுபோயிருக்காது. அப்படி ஒரு வழியே அப்போது இல்லை.

மூன்று அக்டோபர்கள்

காலணியை எறிந்தவர் அடுத்த ஆண்டும் வந்தார். 1979இல் 2 மணி 27 நிமிடம் 33 வினாடி. இரண்டரை மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் பெண் ஆனார். கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடம், அதையே 42 முறை. எங்கள் குடியிருப்புத் திடலில் ஒரே ஒரு கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓடிப் பாருங்கள், விஷயம் புரியும். 1980இல் 2:25:42. ஒரே நபர், மூன்று அக்டோபர்களில், பெண்களின் உலகச் சிறந்த நேரத்தை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கீழே இறக்கிவிட்டார். முட்டிக்கொண்டிருந்த முள்ளுக்குப் பெரிய மானி கிடைத்துவிட்டது.

அந்த ஒன்பது நிமிடத்துக்கு அரசியல் அர்த்தமும் உண்டு. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் மாரத்தான் வேண்டும் என்ற கோரிக்கை அப்போது சூடு பிடித்திருந்தது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வான் ஆக்கென் என்ற மருத்துவர் பெண்கள் நெடுந்தூரம் ஓட வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதிட்டு, வால்ட்னீல் ஊரில் 1974லேயே பெண்களுக்கென்று அனைத்துலக மாரத்தான் நடத்திக் காட்டினார். கேத்ரின் சுவிட்சர் ஏவான் நிறுவனத்தின் உதவியோடு 1978இல் அட்லாண்டாவிலும் 1980இல் லண்டனிலும் பெண்கள் மாரத்தான்களை நடத்தினார். பல நாடுகளில் பெண்கள் ஓடுகிறார்கள் என்பதற்கு அவை சாட்சி. பெண்களின் உடம்பு தாங்காது என்ற பழைய வாதத்துக்கு கிரேட்டேயின் நேரங்கள் பதில். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் மாரத்தானில் எமில் ஜடோபெக் தங்கம் வென்ற நேரமான 2:23:03க்கும் கிரேட்டேயின் 2:25:42க்கும் இடையில் மூன்று நிமிடம்கூட இல்லை. இதற்கு மேலும் 'தாங்காது' என்று எப்படிச் சொல்வது?

1981 பிப்ரவரியில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 1984 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் பெண்கள் மாரத்தானைச் சேர்க்க முடிவெடுத்தது. ஆண்கள் 1896 முதல் ஓடி வரும் பந்தயம். 88 ஆண்டு தாமதம்.

எதிர்ப்புத் தெரிவித்து உட்கார்ந்தவர்கள் வேண்டும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாதாடுகிறவர்கள் வேண்டும், ஒன்றும் பேசாமல் ஓடிக் காட்டுகிறவரும் வேண்டும். இதில் யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் தேவையில்லை. வரலாறு எழுதும்போது மட்டும் நாம் மூன்றாவது ஆளை மட்டும் மேடையேற்றிவிட்டு, மற்ற இருவரைக் கீழேயே விட்டுவிடுகிறோம்.

லாஸ் ஏஞ்சலஸ் காலை

1981இல் காயத்தால் நியூயார்க்கில் பாதியில் விலகினார். 1982இல் திரும்பி வந்து வென்றார். 1983 ஏப்ரலில் லண்டனில் 2:25:29. மறுநாளே அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் பாஸ்டனில் 2:22:43 ஓடி அந்த நேரத்தைப் பழங்கதையாக்கிவிட்டார். அதே ஆகஸ்டில் ஹெல்சின்கியில் முதலாவது உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டி நடந்தது. அதன் பெண்கள் மாரத்தான் தங்கம் கிரேட்டேக்கு, 2:28:09. அவர் பெற்ற ஒரே உலகத் திடல்தடப் பட்டம் அது.

அப்போது மாற்றம் நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அதே 1983இல் சிங்கப்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பெண்கள் மாரத்தான் தங்கத்தை வென்றவர் கே. ஜெயமணி. ஒலிம்பிக்கில் ஒரு பெண்கூட இன்னும் மாரத்தான் ஓடியிராத காலம் அது. சிங்கப்பூர் வாசகர்கள் பலருக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் அந்தத் தங்கத்தை இந்தத் தேதிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் அதன் எடை கூடுகிறது.

1984 ஆகஸ்ட் 5, காலை 8 மணி. சாண்டா மோனிகாவிலிருந்து ஐம்பது பெண்கள் கிளம்பினார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள்ளாகவே ஜோன் பெனாய்ட் தனியாகப் பிரிந்து முன்னே போனார். மூன்று மாதத்துக்கு முன், அமெரிக்கத் தகுதிப் பந்தயத்துக்குப் 17 நாள் முன்னால், முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். வெயில் ஏறும், இவ்வளவு சீக்கிரம் போகிறவர் தானாகக் களைத்துத் திரும்பி வருவார் என்பது பின்னால் ஓடிய கிரேட்டே, ரோசா மோட்டா, இங்கிரிட் கிறிஸ்டியன்சன் ஆகியோரின் கணக்கு. அனுபவசாலிகளின் நியாயமான கணக்கு. கிரேட்டேக்கு முதல் நாள் முதுகுப் பிடிப்பு வேறு வந்திருந்தது. பெனாய்ட் களைக்கவில்லை. 2:24:52இல் தனியாக அரங்கத்துக்குள் நுழைந்தார். கிரேட்டே 2:26:18. வெள்ளி. போர்ச்சுகலின் மோட்டாவுக்கு வெண்கலம்.

அன்று இன்னொரு காட்சி. சுவிட்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத்தால் உடல் கோணி, தள்ளாடித் தள்ளாடிக் கடைசிச் சுற்றைக் கடந்தார். பார்த்தவர்களுக்கு நெஞ்சம் பதறியது. 1928இல் இல்லாத மயக்கத்தை வைத்தே ஒரு பந்தயத்தை நீக்கினார்கள். 1984இல் உலகமே பார்த்த தள்ளாட்டத்துக்குப் பிறகும் யாரும் பெண்கள் மாரத்தானை நிறுத்தவில்லை. ஓடிய ஐம்பது பேரில் 44 பேர் முடித்திருந்தார்கள். முதல் மூவரின் நேரம் கண்முன் இருந்தது. பழைய பொய்யை இனிமேல் விற்க முடியாது.

கிடைக்காத தங்கம்

கிரேட்டே நியூயார்க்கில் மொத்தம் ஒன்பது முறை வென்றார். கடைசி வெற்றி 1988. உலகக் குறுக்கோட்டப் பட்டம் ஐந்து முறை. தன் மிகச் சிறந்த நேரமான 2:24:54ஐ ஓடியது 1986 லண்டனில், 32 வயதில். 1988 சியோல் ஒலிம்பிக்கில் முழங்கால் கோளாறோடு ஓடி, பாதி கடந்தபின் விலகினார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'எல்லாம் வென்றார், ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்கவில்லை' என்று ஒரு வரியைச் சேர்ப்பார்கள். எனக்கு அந்த வரி மேல் கோபம் உண்டு. அவரை யாரும் நெருங்க முடியாதிருந்த காலம் 1978 முதல் 1980 வரை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை நார்வே புறக்கணித்தது. புறக்கணிக்காமல் இருந்திருந்தாலும் அவருக்கு அங்கே வேலை இல்லை. பெண்களுக்கு மாரத்தானும் கிடையாது, 10,000 மீட்டரும் கிடையாது, 5,000, 3,000 மீட்டரும்கூடக் கிடையாது. மறுபடியும் அந்த 1,500தான். பந்தயம் வந்து சேர்ந்தபோது அவருக்கு 31 நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வழியே பார்த்து ஓடக் கற்ற அடுத்த வரிசை முன்னால் வந்துவிட்டது. வைக்காத பரிசை வாங்கவில்லை என்று ஒருவர் கணக்கில் கழிப்பது என்ன நியாயம்?

1992இல் அவர் மறுபடியும் நியூயார்க்கில் ஓடினார். மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த பிரெட் லெபோ, தன் அறுபதாவது வயதைக் கொண்டாட, தான் வளர்த்த பந்தயத்தை ஓட விரும்பினார். முயலாக அழைத்தவரோடு முயலாக ஓடினார் கிரேட்டே. இம்முறை மெதுவாக. இருவரும் சேர்ந்து முடித்த நேரம் 5 மணி 32 நிமிடம் 35 வினாடி. எல்லைக்கோட்டில் இருவரும் அழுதார்கள். லெபோ 1994இல் இறந்தார். 2005இல் கிரேட்டேக்கும் புற்றுநோய் என்று தெரிந்தது. நோயாளிகள் சிகிச்சைக் காலத்திலும் உடற்பயிற்சி செய்ய உதவும் அமைப்பை 2007இல் நார்வேயில் தொடங்கினார். 2011 ஏப்ரல் 19 அன்று, 57 வயதில் காலமானார்.

இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே என்று தோன்றலாம். தேதிகளைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 10,000 மீட்டர் வந்தது 1988இல். 5,000 மீட்டர் 1996இல். 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் 2008இல். நீச்சலில் 1,500 மீட்டர் டோக்கியோவில்தான், அதாவது 2021இல். கிரேட்டே ஐந்து முறை வென்ற உலகக் குறுக்கோட்டத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே தூரம் ஓடத் தொடங்கியது 2017 கம்பாலாவில். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 2024 பாரிஸில் முதல்முறையாகப் பெண்கள் மாரத்தானைக் கடைசி நாளுக்கு வைத்தார்கள். நெதர்லாந்தின் சிபான் ஹசன் கடைசி மீட்டர்கள் வரை முட்டி மோதி 2:22:55இல் வென்றதை விடியும்வரை காத்திருக்காமல் நேரலையில் பார்த்தோம். இங்கே அப்போது மாலை.

எங்கள் இடைநிலைப்பள்ளிக் குறுக்கோட்டத்தில் ஆண்களுக்கு ஒரு பாதை, பெண்களுக்கு அதைவிடக் குட்டையான ஒரு பாதை. பெண்கள் முன்கூட்டியே திரும்பும் சந்தியில் ஓர் ஆசிரியர் கொடி பிடித்து நிற்பார். ஏன் அங்கே திரும்ப வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அந்த மாணவிகளும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஆண்டும் முதலில் வருகிற மாணவி ஒருத்தி பெரிதாக மூச்சு வாங்காமலே திடலுக்குள் வந்து நிற்பாள். அவளுக்குச் சான்றிதழும் ஒரு கோப்பையும் கிடைக்கும். அவளால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. உங்கள் பள்ளியில் அந்தக் கொடி எங்கே இருந்தது?